எங்க டிரம்முக்கு அபராதம் போடுறதுக்கு முன்னாடி எங்க குழாயப் பாருங்க: நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நகர்மன்றத் தலைவர் அம்மாவுக்கும், கமிஷனர் சாருக்கும், எல்லா வார்டு கவுன்சிலர்களுக்கும்,

டெங்கு தடுப்புக்கு வீடு வீடா போய் கொசுப்புழு இருக்கான்னு பாக்கற டிபிசி ஆளுங்கள போன வருஷம் "தற்காலிகமா"ன்னு சொல்லி பாதிக்கு மேல கொறச்சீங்க. இந்த வருஷ பட்ஜெட்ல அதையே நிரந்தரமாக்கி, மிச்சம் இருக்கறவங்களும் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வந்தா போதும்னு தீர்மானம் போட்டுட்டீங்க, காரணம் நிதிப் பற்றாக்குறைன்னு எழுதியிருக்கு. அதே கூட்டத்துல புகை மிஷின் வாங்க ஒரு தீர்மானம், வீட்ல கொசுப்புழு இருந்தா 500 ரூபா அபராதம்னு இன்னொரு தீர்மானம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற எங்க காலனிக்கு மொதல்ல வந்தது அந்த அபராத நோட்டீஸ்தான். ஒரே காலைல எங்க தெருவுல பதினோரு வீட்டுக்கு ஒட்டிட்டுப் போனாங்க. அன்னைக்கு எங்களுக்கு குழாய்ல தண்ணி வந்து ஒம்போது நாள் ஆகியிருந்துச்சு.

நான் அந்த டிபிசி ஆளுங்கள்ல ஒருத்தி. நாலு வருஷம் காண்ட்ராக்ட்காரர் மூலமா தினக்கூலிக்கு வேல பாத்தேன், போன வருஷம் நிறுத்துன லிஸ்ட்ல என் பேரும் இருந்துச்சு. வேல போன கோவத்துல எழுதுறான்னு நீங்க நெனைக்கலாம், வேல போனது வலிதான், அத மறைக்க மாட்டேன். ஆனா போன நவம்பர்ல என் பொண்ணு டெங்குல ஆறு நாள் ஆஸ்பத்திரில கெடந்தா. அதுக்கப்புறமும் வாய மூடிட்டு இருக்க என்னால முடியல.

மொதல்ல நாங்க என்ன வேல பாத்தோம்னு சொல்றேன், ஏன்னா கையெழுத்து போட்ட உங்கள்ல நெறைய பேருக்கு அது தெரியாதுன்னு நெனைக்கறேன். காலைல எட்டு மணிக்கு ஒரு டார்ச், ஒரு கரண்டி, ஒரு பாட்டில் மருந்து, ஒரு நோட்டு. ஒரு வீட்டுக்குள்ள போனா டிரம், தொட்டி, குடம், பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கற தட்டு, பூந்தொட்டிக்கு அடில வச்ச தட்டு, மாடியில கெடக்கற தேங்கா தொட்டி, ஒடஞ்ச பக்கெட், ஆட்டுக்கல் குழி எல்லாத்தையும் பாக்கணும். டிரம்ம எட்டிப் பாத்த ஒடனே புழு தெரியாது. நம்ம நிழல் பட்டதும் நெளிஞ்சு நெளிஞ்சு அடிக்குப் போயிடும். டார்ச்ச சாய்ச்சுப் புடிச்சுகிட்டு ஒரு நிமிஷம் அசையாம நின்னா மூச்சு வாங்க ஒண்ணு ஒண்ணா மேல வரும், தலகீழா தொங்கும். அத கரண்டியில மொண்டு அந்த வீட்டு அம்மா கையில காட்டுவேன். "பாருங்கக்கா, இதுதான் நாலு நாள்ல கொசுவா பறக்கும்". நோட்டீஸ் படிச்சு மாறாதவங்க, அந்த கரண்டிய பாத்ததும் பிரஷ்ஷ எடுப்பாங்க. இத நான் ஒரு தடவ ரெண்டு தடவ பாக்கல, நாலு வருஷமா பாத்திருக்கேன்.

பிரஷ் ஏன்னு கேட்டீங்கன்னா, டெங்குவ பரப்பற இந்த ஏடிஸ் கொசு முட்டைய தண்ணிக்குள்ள போடாது, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல டிரம்மோட சுவத்துல ஒட்டி வைக்கும். தண்ணிய கீழ ஊத்திட்டா போயிடும்னு எல்லாரும் நெனைக்கறாங்க. போகாது. காஞ்ச டிரம்ல அந்த முட்ட மாசக்கணக்குல சாகாம இருக்கும், மறுபடி தண்ணி ரொம்புனா பொரிஞ்சிடும். அதனால வாரம் ஒரு தடவ கவுத்து, உள்பக்கம் அழுத்தித் தேச்சுக் கழுவணும். இத சொல்லிக் குடுக்கறதுக்கு ஒரு ஆள் வேணும், சொன்னத செஞ்சாங்களான்னு மறு வாரம் வந்து பாக்கறதுக்கும் ஒரு ஆள் வேணும். குடிக்கிற தண்ணில மருந்து ஊத்த விட மாட்டாங்க. மொத ஆறு மாசம் பாதி வீட்ல கதவே தெறக்கல. "என்னத்த ஊத்தறேன்னு எனக்கு எப்படி தெரியும், என் புள்ளைங்க குடிக்கிற தண்ணி"ன்னு ஒரு பாட்டி என்ன வாசல்லயே நிக்க வச்சாங்க. அவங்க கேட்டதுல தப்பில்ல. நாலாவது தடவ போனப்பதான் உள்ள விட்டாங்க, ரெண்டாவது வருஷத்துல அவங்களே பக்கத்து வீட்டுக்காரங்கள திட்டி டிரம்ம கழுவ வச்சாங்க. இப்ப அக்டோபர்ல யாரோ ஒரு புது ஆள அனுப்பி டிசம்பர்ல நிறுத்துனா அந்த பாட்டி வீட்டு வாசலக் கூட தாண்ட முடியாது. மூணு மாசத்துக்கு மட்டும் கூலி போடலாம், நம்பிக்கைய அப்படி சம்பாதிக்க முடியாதும்மா.

எங்கள நிறுத்துனப்ப ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னத அப்படியே எழுதறேன், பேரு வேண்டாம், "ரெண்டு வருஷமா உங்க ஏரியால பெருசா கேஸே இல்லயே, அப்பறம் எதுக்கு இத்தன பேரு?" அன்னைக்கு எனக்கு பதில் சொல்ல வரல. இப்ப சொல்றேன் சார். கேஸ் இல்லாம போனதுக்கு காரணமே அந்த இத்தன பேர்தான். எங்க மூணு வார்டுக்கு ஏழு பேர் இருந்தோம், ஆளுக்கு தெரு பிரிச்சு வாரம் ஒரு சுத்து முடிச்சோம். இப்ப ரெண்டு பேர், அதுவும் மூணு மாசத்துக்கு. அவங்க என்னதான் ஓடுனாலும் ஒரு தெருவுக்கு திரும்பி வர ஒரு மாசம் ஆகும். நம்ம ஊரு வெயில்ல முட்ட கொசுவாக ஏழுல இருந்து பத்து நாள் போதும். ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் நடுவுல மூணு ஈடு கொசு பொரிஞ்சு பறந்து போயிடும், அந்த கணக்க தீர்மானம் எழுதுனவங்க யாராவது போட்டுப் பாத்தீங்களா?

இந்த ஏழு நாள் பத்து நாள் கணக்குதான் எல்லாத்துக்கும் அடிப்படை. டெங்கு கொசு சாக்கடைல வளராது, நல்ல தண்ணிலதான் வளரும். எங்க காலனில நல்ல தண்ணி ஏன் நாள்கணக்குல நிக்குது? குழாய்ல எட்டு நாளைக்கு ஒரு தடவ, சில நேரம் பத்து பன்னெண்டு நாளைக்கு ஒரு தடவதான் வருது, அதுவும் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு தொறந்து விட்டுட்டு நாலு மணிக்கு மூடுன நாளும் உண்டு. அதனால வந்தப்ப இருக்கற பாத்திரம் எல்லாத்துலயும் புடிச்சு வைக்கறோம். நாலு நாளைக்கு ஒரு தடவ தண்ணி வந்தா டிரம்ம காலி பண்ணி கழுவிட்டு புதுசா புடிப்பாங்க, முட்ட பொரிஞ்சாலும் புழு கொசுவாகறதுக்குள்ள வெளிய போயிடும். பத்து நாளைக்கு ஒரு தடவ வந்தா எந்த வீட்லயும் டிரம்ம கவுக்க மனசு வராது, அடுத்து எப்ப வரும்னு தெரியாம இருக்கற தண்ணிய யாரு கீழ ஊத்துவா? நான் எழுதி வச்ச நோட்டு நாலும் என்கிட்ட இருக்கு. தண்ணி ஒழுங்கா வந்த மாசத்துல எங்க தெருவுல புழு இருந்த வீட்ட ஒரு கை வெரல்ல எண்ணிடலாம். மோட்டார் ரிப்பேர்னு பதினஞ்சு நாள் தண்ணி வராம இருந்த அந்த கோடையில பாதி தெருவுல புழு. ஆளுங்க அதே ஆளுங்கதான், அவங்க சுத்தமும் அதே சுத்தம்தான், குழாய் மட்டும்தான் மாறுச்சு.

பாதாள சாக்கடை இல்லாத ஊருக்கே குழாய் தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் குடுக்கணும்னு மத்திய அரசோட 1999-ம் வருஷத்து குடிநீர் கையேடே சொல்லுச்சு. அஞ்சு பேர் இருக்கற வீட்டுக்கு ஒரு நாளைக்கு 350 லிட்டர், பத்து நாளைக்கு 3,500 லிட்டர். எங்க வீடு பத்துக்கு பதினாறு, ஒரு ரூம். அதுல 200 லிட்டர் டிரம் மூணு வைக்க எடம் இருக்கு, அதாவது 600 லிட்டர், தர வேண்டியதுல ஆறுல ஒரு பங்குதான். அந்த மூணு டிரம்முக்கும் மூடி கெடையாது, ஏன்னா கம்பெனில இருந்து வர்ற பழைய டிரம்ம வாங்கி மேல அறுத்துதான் விக்கறாங்க. துணி போட்டு கட்டறோம், துணி தண்ணிக்குள்ள தொங்கிடும், ஓரத்துல கொசு போற அளவுக்கு எடம் இருக்கும். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற நகர்ல ரெண்டு நாளைக்கு ஒரு தடவ தண்ணி வருது, தரைக்கடியில சம்ப் இருக்கு, மாடியில மூடி போட்ட டேங்க் இருக்கு. அந்த தெருவுல நோட்டீஸ் ஒட்டுனதா எனக்குத் தெரியல. அவங்களுக்கும் ஒட்டுங்கன்னு கேக்கல. ஏன் ஒரே பக்கமா ஒட்ட வேண்டி வருதுன்னு யோசிங்கன்னு கேக்கறேன்.

புகை மிஷின பத்தி. வண்டியில புகை அடிச்சுட்டுப் போனா வேல நடக்கற மாதிரி தெரியும், போட்டோவுலயும் நல்லா வரும், ஜனங்களும் "எங்க தெருவுக்கு புகை அடிங்க"ன்னு கவுன்சிலர்கிட்ட கேக்கறாங்க, அது எனக்கும் தெரியும். ஆனா அந்தப் புகை பறக்கற கொசுவ மட்டும்தான் கொல்லும், அதுவும் புகை மேல பட்டாத்தான். டிரம்ல இருக்கற புழு ஒண்ணு கூட சாகாது. ஏடிஸ் கொசு பகல்ல கடிக்கறது, மிச்ச நேரம் வீட்டுக்குள்ள கொடியில தொங்கற துணிக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடியில ஒக்காந்திருக்கும். புகை வண்டி சத்தம் கேட்டதும் நாம என்ன பண்றோம்? கதவு ஜன்னல எல்லாம் சாத்திக்கறோம். கொசுவும் நம்மளோட உள்ளயே பத்திரமா இருக்கும். காய்ச்சல் வந்த வீட்ட சுத்தி ஒடனே அடிக்கறதுக்கு புகை தேவைதான், வேண்டாம்னு சொல்லல. வீடு வீடா போற ஆள நிறுத்திட்டு அந்த எடத்துல புகைய வைக்க முடியாதுங்கறதுதான் நான் சொல்றது.

இப்ப என் பொண்ணு விஷயம். ஆறாவது படிக்கறா. தீபாவளி முடிஞ்ச ரெண்டாவது வாரம் காய்ச்சல். என் வீட்டு டிரம்ம நான் வாராவாரம் தேச்சுக் கழுவறவ, வேல போனப்புறமும் அந்த பழக்கம் விடல. ஆனா என் வீட்ல மட்டும் கழுவி என்ன பிரயோஜனம், நாலாவது வீடு பூட்டிக் கெடக்குது, அவங்க வெளியூர்ல வேலைக்குப் போயிட்டாங்க, மாடியில மூடி பறந்து போன டேங்க் ஒண்ணு மழத்தண்ணியோட நிக்குது. வேலைல இருந்தப்ப அந்த வீட்டு சாவி அவங்க சொந்தக்காரங்ககிட்ட இருக்கறது எனக்குத் தெரியும், மாசம் ரெண்டு தடவ வாங்கி மேல ஏறிப் பாப்பேன். வேலைய விட்டு எடுத்தப்புறம் எந்த உரிமைல போய் சாவி கேக்கறது? கேட்டிருக்கணும். அந்த நெனப்பு என்ன இன்னும் விடல.

நாலு நாள் காய்ச்சல் அடிச்சுது, அஞ்சாவது நாள் காலைல ஒடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு. அப்பாடா விட்டுடுச்சுன்னு வீட்ல எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, அவங்க அப்பா மூட்ட தூக்கற வேலைக்கு கெளம்பிட்டாரு. நான் மட்டும் அவள விட்டு நகரல, ஏன்னா டெங்குல காய்ச்சல் எறங்கறப்பதான் ஆபத்து ஆரம்பிக்கும்னு எங்க டிரெயினிங்ல சொல்லியிருந்தாங்க. பதினோரு மணிக்கு வயித்த வலின்னா, வாந்தி எடுத்தா, கையப் புடிச்சுப் பாத்தா ஐஸ் மாதிரி இருந்துச்சு. ஆட்டோ புடிச்சு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்க இருந்த டாக்டரம்மாவும் நர்சுங்களும் அவள பொழைக்க வச்சாங்க, அவங்களுக்கு நான் எப்பவும் நன்றி சொல்வேன். மணிக்கு ஒரு தடவ பிபி பாத்து, டிரிப் வேகத்த ஏத்தி எறக்கி, வலைக்குள்ள படுக்க வச்சு, ஆறு நாள். டெங்குவுக்குன்னு தனியா மருந்து கெடையாது, ஒடம்புல தண்ணி கொறையாம பாத்துகிட்டு காத்திருக்கறதுதான் வைத்தியம். நான் டிரெயினிங் போகாத ஒருத்தியா இருந்திருந்தா அன்னைக்கு காலைல அவளுக்கு ரசஞ்சோறு ஊட்டிட்டு துணி தொவைக்கப் போயிருப்பேன். இத நெனச்சா எனக்கு கை நடுங்குது. எங்க தெருவுல எத்தன அம்மாவுக்கு இது தெரியும்? சொல்றதுக்கு வீடு வீடா போயிட்டிருந்த ஏழு பேர்ல அஞ்சு பேர நிறுத்திட்டீங்களே.

ஆஸ்பத்திரியில பைசா வாங்கல, ஆனா ஆறு நாள் எங்க ரெண்டு பேருக்கும் கூலி போச்சு, ஆட்டோ, இளநி, சாப்பாடுன்னு என் கம்மல் அடகுக்குப் போயிடுச்சு, இன்னும் மீக்கல. அது போகட்டும். டெங்குல நாலு வகை இருக்கு, ஒரு வகை வந்தா அந்த வகைக்குத்தான் ஒடம்புல எதிர்ப்பு வரும், அடுத்து வேற வகை வந்தா மொத தடவைய விட மோசமாகற வாய்ப்பு அதிகம். இப்ப ஒவ்வொரு மழைக்கும் அவ நெத்திய தொட்டுப் பாத்துட்டுதான் நான் தூங்கறேன். பொண்ணு எப்படி இருக்கான்னு கேக்க வந்த ஆபீஸ் ஆளுங்க, அவ டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் தெருவுல புகை அடிச்சுட்டுப் போனாங்க. வெளிய காயற துணியெல்லாம் டீசல் நாத்தம். மாடி டேங்க அப்பவும் யாரும் ஏறிப் பாக்கல, என் வீட்டுக்காரர்தான் ஏணி போட்டு ஏறி கவுத்து விட்டாரு.

நோட்டீஸ் குடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கு. 1939-ம் வருஷத்து பொது சுகாதாரச் சட்டத்துல கொசு வளர விடறவங்க மேல நடவடிக்கை எடுக்க எடமிருக்கு, அத நாங்களே பல வீட்ல சொல்லி எச்சரிச்சிருக்கோம். அதே சட்டத்துல குடிதண்ணிக்குன்னு தனி அத்தியாயமும் இருக்கு, அதையும் சேத்துப் படிங்க. அப்பறம் இன்னொண்ணு, எங்க காலனி முடியற எடத்துல நகராட்சி வண்டிங்க நிக்கற ஷெட்டுக்குப் பின்னாடி பழைய டயர் குவிஞ்சு கெடக்கு. டயருக்குள்ள நின்ன தண்ணிய சாய்க்கக் கூட முடியாது, எந்தப் பக்கம் திருப்புனாலும் உள்ளயே சுத்தி நிக்கும், அதனாலதான் கொசுவுக்கு அத விட நல்ல எடம் கெடையாது. நான் வேலைல இருந்தப்ப மூணு தடவ எழுதிக் குடுத்தேன். போன வாரம் போய் ஒரு டயர்ல கரண்டிய விட்டுப் பாத்தேன், புழு துள்ளுது. அந்த ஷெட்டுல இருந்து கூப்புடு தூரத்துல இருக்கற விதவை அம்மா ஒருத்தங்களுக்கு 500 ரூபா அபராதம். வீட்டு வேல செஞ்சு பொழைக்கறவங்க, அவங்களுக்கு அது ரெண்டு நாள் கூலி.

நிதி இல்லன்னு சொல்றீங்க. நகராட்சிக்கு கஷ்டம் இருக்கும், நான் மறுக்கல. ஆனா 2022-ல சொத்து வரி ஏத்துனப்ப 600 சதுர அடிக்கு கீழ இருக்கற வீட்டுக்கும் 25 சதவீதம் ஏறுச்சு, எங்க காலனில பட்டா இருக்கற வீடு எல்லாம் அந்த கணக்குலதான் வரும், கட்டிட்டுதான் இருக்காங்க. 15-வது நிதிக்குழு 2021-ல இருந்து 2026 வரைக்குமான அஞ்சு வருஷத்துக்கு உள்ளாட்சிங்க வழியா சுகாதாரத்துக்குன்னு மட்டும் நாடு முழுக்க 70,051 கோடி ரூபா பரிந்துரை பண்ணுச்சு. அது பெரும்பாலும் கட்டடத்துக்கும் ஆஸ்பத்திரி வசதிக்கும் டெஸ்ட்டுக்கும்னு எனக்குப் புரியுது. ஆனா சுகாதாரம் உள்ளாட்சி வேலைன்னு டெல்லில ஒத்துக்கறாங்க. அரசியல் சட்டத்துல 74-வது திருத்தத்துல நகராட்சிக்குன்னு 18 வேல கொண்ட பட்டியல் இருக்கு, அதுல அஞ்சாவது தண்ணி, ஆறாவது பொது சுகாதாரம். பட்டியல்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கற இந்த ரெண்டும் நம்ம ஆபீஸ்ல ஒண்ணு மாடியில ஒண்ணு கீழ இருக்கு. தண்ணி எந்த தெருவுக்கு எத்தன நாளா வரலன்னு சுகாதாரப் பிரிவுக்குத் தெரியாது, எந்த தெருவுல புழு ஏறுதுன்னு தண்ணி தொறந்து விடற ஆளுக்குத் தெரியாது. இத சரி பண்ண பைசா செலவில்ல, வாரம் ஒரு தடவ ரெண்டு பேரும் ஒரு மேஜைல ஒக்காந்தா போதும்.

டெங்குவ முன்னாடியே தடுக்காம விட்டா என்ன ஆகும்னு தெரியாத மாநிலம் இல்ல நம்மளது. அரசு கணக்குப்படியே 2012-ல தமிழ்நாட்ல 12,826 பேருக்கு டெங்கு, 66 சாவு. 2017-ல 23,294 பேருக்கு, 65 சாவு. 2017-ல நடந்தது உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், வார்டுல எடமில்லாம தரைல பாய் போட்டு படுக்க வச்சாங்க, தெருத்தெருவா நிலவேம்பு குடிநீர் குடுத்தாங்க, அதிகாரிங்க வீடு வீடா ஏறி எறங்குனாங்க. அந்த வருஷம் ஏறி எறங்குனத ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னாடியே செய்யறதுக்குதான் நாங்க இருந்தோம். ஆகஸ்ட் 20 கொசு தினம்னு எங்கள வரிசையா நிக்க வச்சு பேனரோட போட்டோ எடுத்தீங்க, 1897-ல அந்த நாள்ல ரொனால்ட் ராஸ்ங்கற டாக்டர் செகந்திராபாத்துல கொசு வயித்துல மலேரியா கிருமிய கண்டாருன்னு எங்களுக்கு அன்னைக்குத்தான் சொன்னீங்க. அந்த போட்டோல இருக்கற பதினாலு பேர்ல இப்ப வேலைல இருக்கறது நாலு பேரு.

நான் கேக்கறது இதுதான்.

வீடு வீடா போற ஆளுங்கள பழைய எண்ணிக்கைக்கு திரும்ப எடுங்க, மூணு மாசத்துக்கு இல்ல, வருஷம் பூரா. கோடைலதான் தண்ணி பஞ்சம், கோடைலதான் டிரம் ஜாஸ்தி, மழைக்கு முன்னாடி ஜூன்லயே முட்டைய ஒழிச்சாத்தான் அக்டோபர்ல கொறையும். என்னையே எடுக்கணும்னு இல்ல, ஆனா அந்தந்த ஏரியாவுல இருக்கற, ஜனங்களுக்கு மொகம் தெரிஞ்ச பொம்பளைங்கள எடுங்க, காண்ட்ராக்ட்காரர் கைல கூலி நிக்காம மாசம் பொறந்ததும் நேரா பேங்க்ல போடுங்க. நிறுத்துனவங்களுக்கு வர வேண்டிய கடைசி ரெண்டு மாசக் கூலி இன்னும் வரல, அதையும் குடுத்துடுங்க.

காலனிக்கு தண்ணி வர்ற இடைவெளிய ஏழு நாளுக்குள்ள கொண்டு வாங்க. ஒடனே முடியலன்னா கூட எந்தத் தேதி எத்தன மணிக்கு வரும்னு மொதல்லயே தெரு முனைல எழுதிப் போடுங்க, நாள் தெரிஞ்சா அதுக்கு முந்தின நாளே டிரம்ம காலி பண்ணி தேச்சு வைக்க நாங்க தயார். மூடி இல்லாத டிரம்முக்கு வலை மூடி வாங்கிக் குடுங்க, எலாஸ்டிக் வச்ச வலை போதும், புகை மிஷினுக்கு ஒதுக்குன தொகைல ஒரு பகுதிய திருப்பி விட்டாலே மூணு வார்டுக்கும் குடுக்கலாம்னு நெனைக்கறேன், வெலை கேட்டு கணக்கு போட்டுப் பாருங்க. ஷெட்டுக்குப் பின்னாடி இருக்கற டயர இந்த வாரமே அள்ளுங்க. அந்த பதினோரு வீட்டு நோட்டீஸையும் வாபஸ் வாங்குங்க, ஏழு நாளுக்கு மேல தண்ணி குடுக்காத தெருவுல இனிமே அபராதம் போட மாட்டோம்னு தீர்மானமா எழுதுங்க.

அப்பறம் பகுதி சபா, அதான் வார்டுக்குள்ள ஜனங்க கூடிப் பேசற கூட்டம். 2022-ல விதி வந்து அந்த வருஷம் நவம்பர் 1-ல நகரங்கள்ல நடத்துனாங்களே, அது எங்க காலனியில ஒரே ஒரு தடவ நடந்துச்சு, அதுவும் முந்தின நாள் ராத்திரி சொல்லி, நாங்க வேலைக்குப் போற நேரத்துல. ஒரு ஞாயித்துக்கிழம வைங்க, பத்து நாள் முன்னாடி போஸ்டர் ஒட்டிச் சொல்லுங்க. கவுன்சிலர் அண்ணனோட சேந்து தண்ணிப் பிரிவு இன்ஜினியரும் சுகாதார ஆய்வாளரும் ரெண்டு பேருமே வரணும். டெங்கு தடுப்புக்கு கடந்த மூணு வருஷம் எவ்வளவு ஒதுக்கி, எதுக்கு எவ்வளவு செலவு பண்ணீங்கங்கற கணக்க வார்டு வாரியா கொண்டு வாங்க. நான் என் நாலு நோட்டையும் கொண்டு வர்றேன், எந்த வீட்ல எந்தத் தேதி புழு இருந்துச்சு, அன்னைக்கு தண்ணி வந்து எத்தன நாள் ஆகியிருந்துச்சுன்னு எல்லாம் அதுல இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சு எல்லாரு முன்னாடியும் படிப்போம்.

ஜூன் பொறக்கறதுக்குள்ள தேதிய சொல்லுங்க.

இப்படிக்கு,
ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஒரு அம்மா, முன்னாள் டிபிசி பணியாளர்